பிளவக்கல் மலையைத் திருப்பி வைத்த கதை

காலை 5.10, கரூர்.

மதுரை வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம், காலடியில் ஒரு பெரிய பை. பைக்குள் இருபத்து நான்கு டேபிள் மேட். சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு அடியில் விரிப்பார்களே, அந்தத் துணிதான். நீளம் பதினெட்டு அங்குலம், அகலம் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலையோ குளமோ அச்சாகியிருக்கும். ஆறு படங்கள், படத்துக்கு நான்கு. இதில் இருபது சரி, நான்கு தப்பு. அந்த நான்கு தப்புக்காகத்தான் இந்தப் பயணம்.

போகிறவன் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கரூரில் வீட்டுத்துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தவன். ஓய்வு பெற்ற கையோடு நானும் என் மனைவி சரசுவும் வீட்டு முன்னறையில் ஒரு ஹீட் பிரஸ் மெஷின் வாங்கிப் போட்டோம். மெஷினை ஓட்டுவது அவள். ஊர் சுற்றி ஆர்டர் பிடிப்பது, போட்டோ எடுப்பது, வந்த சரக்கில் குறை கண்டுபிடிப்பது நான். கடைசி வேலையில் எனக்கு முப்பத்தொரு வருடப் பயிற்சி உண்டு.

ராஜபாளையத்தில் வேலுச்சாமி என்பவர் ஒரு மெஸ் நடத்துகிறார். தன் கடை மேஜைகளுக்கு உள்ளூர் மலையும் தண்ணீரும் போட்ட மேட் வேண்டும் என்று கேட்டார். மூன்று மாதம் முன்பு நானே வந்து, அவர் மோட்டார் சைக்கிளில் இரண்டு நாள் சுற்றிப் படம் எடுத்தேன். ஐந்து படங்களுக்கு அடியில் இடத்தின் பெயர் உண்டு. ஆறாவது, வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் பிளவக்கல் அணை. அதற்கு மட்டும் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். அவர் பிறந்தது வத்திராயிருப்பு. “பிளவக்கல்லுக்குப் பேரு வேற எழுதணுமாக்கும்? பாத்தாலே தெரியும்ல” என்றார். அங்கேதான் வினை.

எல்லாம் அடித்து முடித்து வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவர் குரல் வந்தது. “அண்ணாச்சி, அம்புட்டும் சூப்பரா இருக்கு. பிளவக்கல்லு மட்டும் மலை திரும்பி நிக்கி.”

இந்த இடத்தில் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படத்தை முதலில் ஒரு தாளில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி அச்சடிக்க வேண்டும். அந்தத் தாளைத் துணிமேல் கவிழ்த்து இருநூறு டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடம் அழுத்தினால், படம் நேராகித் துணியில் இறங்கும். இடவலம் மாற்றுவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட மறந்தால் துணியில் எல்லாம் இடவலம் மாறிப் போகும். எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். பெயரில்லாத மலையில் யாருக்குத் தெரியும்?

சரசுவைப் பார்த்துக் கத்தினேன். வேறென்ன செய்வேன்! “கண்ணு எங்கிருந்துச்சு உனக்கு? ஒரு டிக் போடறதுக்குக்கூடவா மறதி?”

“எப்பவும் போலத்தானுங்க போட்டேன்” என்றாள் சரசு.

“எப்பவும் போலப் போட்டா எப்பவும் போலத்தானே வரணும்? முடியலைன்னா சொல்லிடு, வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

வேற ஆள் என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததும் எனக்கே சுருக்கென்றது. அவள் மெஷினை அணைத்து, சூடு ஆறும் வரை நின்று, நீலப்பூப் போட்ட பழைய போர்வையால் மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இன்றோடு ஒன்பது நாள். சோறு வருகிறது, காப்பி வருகிறது, பேச்சு வருவதில்லை. நானே மெஷினை ஓட்டிக் காட்டுகிறேன் என்று இறங்கி இரண்டு துணியைக் கருக்கியதுதான் மிச்சம்.

மெஷின் ஓடாவிட்டால் போகட்டும். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ சண்டை. மறுநாள் காலையில் அவளே “தலைக்கு எண்ணெய் வெச்சீங்களா?” என்பாள், முடிந்துவிடும். ஒன்பது நாள் இப்படி இருந்ததே இல்லை. அவள் இனி அந்தப் போர்வையை எடுக்கவே மாட்டாளோ என்பதுதான் எனக்குப் பயம். இன்று விடிகாலையில் நான் கிளம்பும்போதும் புளிச்சோற்றைக் கட்டி மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலை 9.25, மதுரை மாட்டுத்தாவணி.

ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து இங்கே வந்து, ராஜபாளையம் வண்டியில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அறுபத்தெட்டு ரூபாய், சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். திருமங்கலம் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்தேன். ஓரத்தில் வறுத்த நிலக்கடலை தனியாகக் கட்டியிருந்தது. சோற்றில் கலந்தால் நமுத்துப் போகும் என்று நான் எப்போதோ சொன்னது. கோபத்திலும் இதை மறக்கவில்லை. கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றேன்.

டி.கல்லுப்பட்டியில் ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுந்தரபாண்டியத்துக்காரர், மகள் வீட்டிலிருந்து திரும்புகிறவர். காலை இடித்த பையைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி இது, துணியா?” என்றார். எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், பெயரில்லாத மேட் வந்ததும் நின்றுவிட்டார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

“பிளவக்கல்லு மாதிரித்தான் இருக்கு. ஆனா இல்ல. தெரிஞ்ச மூஞ்சில மச்சம் எடம் மாறிக் கெடந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி இருக்கு.”

“மலைதானேம்மா. இந்தப் பக்கம் பார்த்தா என்ன, அந்தப் பக்கம் பார்த்தா என்ன?”

“நல்லாச் சொன்னிய போங்க! நாங்க தெனமும் முழிக்கிற முழியே அதுலதான்” என்று மடித்துக் கொடுத்துவிட்டார். கிருஷ்ணன்கோவிலில் இறங்குகிற வரை என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

காலை 11.20, ஸ்ரீவில்லிபுத்தூர்.

இறங்கியதற்கு இரண்டு காரணம். ஒன்று திருமுக்குளம். என் மற்ற படங்களாவது சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்ற வெறி பிடித்துவிட்டது. படிக்கட்டில் மேட்டை விரித்து, மண்டபத்தையும் தண்ணீரையும் கரையையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எல்லாம் அதது இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தன. கார்த்திகை மழைக்குக் குளம் நிறைந்திருந்தது. படியில் துணி அலசிக்கொண்டிருந்தவர், “என்ன, அளக்க வந்திருக்கியளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இன்னொரு காரணம் பால்கோவா. கால் கிலோ நூறு ரூபாய். சரசுவுக்கு உதிரியாக, கொஞ்சம் மணல்மணலாக இருக்க வேண்டும். கடைக்காரர் நீட்டியதைத் தொட்டுப் பார்த்து இது வழவழவென்றிருக்கிறது என்றேன். அவர் வேறு தட்டிலிருந்து எடுத்தார். அதையும் வேண்டாம் என்றேன்.

“வீட்ல கோவமா இருக்காகளோ?” என்றார் அவர்.

“எப்படித் தெரியும்?”

“சும்மா வாங்குறவுக இம்புட்டுப் பாக்க மாட்டாக.” மூன்றாவது தட்டிலிருந்து தந்தார். அது சரியாக இருந்தது. இரண்டு நாள் தாங்கும், வெயில் படாமல் வையுங்கள் என்றார்.

பகல் 12.50, ராஜபாளையம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். தென்காசி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது வேலுச்சாமியின் மெஸ். ஆறு மேஜை, இருபத்து நான்கு நாற்காலி. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் வாய் திறந்து தப்பைப் பற்றி ஆரம்பிப்பதற்குள், “அதெல்லாம் பொறவு பேசிக்கிடுவோம். மொதல்ல இருக்கிறத விரிப்போம்” என்று இருபதையும் ஐந்து மேஜைகளில் தானே விரித்தார். மூலை மேஜை மட்டும் வெறுமனே கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. மேட்டின்மேல் வாழை இலையைப் போட்டார்கள். மலையும் இல்லை, குளமும் இல்லை, எல்லாம் இலைக்கு அடியில் போய்விட்டது.

“என்ன தம்பி, ஒண்ணுமே தெரியலையே! இதுக்கா நானும் என் சம்சாரமும் இத்தனை பாடுபட்டோம்?”

“செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. இலைய எடுத்த பொறவு பாருங்க.”

பொறுத்தேன். எனக்கு அடுத்த மேஜையில் ஒருவர் சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தார். சர்வர் இலையை எடுத்ததும் அடியிலிருந்து சேத்தூர்க் கண்மாய் வெளியே வந்தது. எழப்போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஏலே, எங்க ஊரு கம்மாயில்ல இது! பனைமரம்கூட இருக்குலே!” என்று கூட வந்தவரை இழுத்துக் காட்டினார். ஓரத்தில் ஒரு சொட்டு ரசம் விழுந்திருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைத் தானே ஒற்றினார். எதிரே சஞ்சீவி மலை அச்சிட்ட மேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் தெலுங்கில் “பாகுந்தி, பாகுந்தி” என்றார். நன்றாக இருக்கிறதாம். வேலுச்சாமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சாப்பாடு தொண்ணூறு ரூபாய். என்னிடம் வாங்கவில்லை. சமைப்பது அவர் மனைவி தங்கம். போன தடவை இரண்டு நாள் சாப்பிட்டும் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. சமையலறைச் சுவரில் பாத்திரம் நீட்டுவதற்கு ஒரு சதுர ஓட்டை உண்டு. அதில் வளையல் போட்ட இரண்டு கைகள்தான் தெரியும். இன்றும் கைகள்தான் தெரிந்தன. “அந்தக் கை ரெண்டும் செத்த நேரம் சும்மா இருந்து நானே பாத்ததில்ல” என்றார் வேலுச்சாமி.

பிற்பகல் 3.30.

கூட்டம் ஓய்ந்ததும் வேலுச்சாமி மோட்டார் சைக்கிளை எடுத்தார். “ஏறுங்க. எது இடம், எது வலம்னு நேர்ல காட்டுதேன். இல்லாட்டி ஒங்களுக்குத் தூக்கம் வராது.” ஆளைச் சரியாக எடை போட்டுவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாக சுமார் நாற்பது கிலோமீட்டர். தப்பான மேட் ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். வழியெல்லாம் நெல்லும் தென்னையும் மாந்தோப்பும். வத்திராயிருப்பு தாண்டியதும் மலை கிட்டே வந்துவிட்டது. காற்றில் ஈரம். பின்னால் உட்கார்ந்து என் குறையைக் கொட்டிக்கொண்டே வந்தேன். சரசு டிக் போட மறந்ததை, சொன்னால் கோபித்துக்கொண்டதை, ஒன்பது நாள் மௌனத்தை.

“அண்ணாச்சி, அவிய இத்தன வருசமா எம்புட்டு மேட்டு அடிச்சிருப்பாக?”

“ஆயிரக்கணக்குல இருக்கும்.”

“அதுல எத்தன திரும்பிச்சு?”

“ஒண்ணுகூட இல்லை.”

அவர் வண்டியை முடுக்கினார்.

மாலை 4.50, பிளவக்கல் அணை.

கரைமேல் ஏறி நின்றோம். அணை ததும்பிக் கிடந்தது. அதற்குப் பின்னால் மேற்கே மலை. இடது கைப் பக்கம் உயரமான முகடு, வலது கைப் பக்கம் சின்னத் திமில். சூரியன் திமிலுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தான். மேட்டை விரித்துப் பிடித்தேன். அதில் பெரியது வலப்பக்கம், சின்னது இடப்பக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும், மலை திரும்பித்தான் நிற்கிறது.

ஒரிஜினல் படத்தையும் பார்த்துவிடுவோம் என்று போனை எடுத்தேன். சரசுவுக்கு நான் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைத் திறந்தேன். அதிலும் பெரியது வலப்பக்கம் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். போனில் நான் எடுத்த முதல் படத்தைத் தேடித் திறந்தேன். அதில் பெரியது இடப்பக்கம், சரியாக, எதிரே நிற்கிற மலையைப் போலவே இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. சரசுவுக்கு அனுப்புவதற்கு முன்னால் சும்மா இருக்க முடியாமல், மலையின் பச்சையை இன்னும் பச்சையாக்குகிறேன் என்று இந்த ஒரு படத்தை மட்டும் போட்டு நோண்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் வீடியோவில், இந்த அச்சுக்குப் படத்தை இடவலம் மாற்றித்தான் கொடுக்க வேண்டும் என்றார். நான் பெரிய புத்திசாலியாக மாற்றி, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அவள் எப்பவும் போல டிக் போட்டிருக்கிறாள். இரண்டு தடவை திரும்பிய படம் தாளில் நேராக விழுந்து, துணியில் திரும்பிவிட்டது. எப்பவும் போலத்தானுங்க போட்டேன் என்று அவள் சொன்னது அட்சர சுத்தமான உண்மை.

அப்படியே கரையில் உட்கார்ந்தேன். வேலுச்சாமி பயந்துவிட்டார். “என்ன அண்ணாச்சி, மயக்கமா? தண்ணி குடிக்கியளா?”

போனை அவரிடம் நீட்டினேன். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார், முடியவில்லை. நானும் சிரித்திருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது. வேற ஆளைப் போட்டுக்கறேன் என்று சொன்ன வாய் இது. சரசுவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். “ம்” என்றாள். எனக்குச் சொல்ல வரவில்லை. “பால்கோவா வாங்கிட்டேன்” என்றேன். “ம்” என்றாள், வைத்துவிட்டாள்.

மாலை 6.40, ராஜபாளையம்.

திரும்பி வந்தபோது இரவுக் கூட்டம் ஆரம்பிக்கவில்லை. தங்கம் அப்போதுதான் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் களைத்த, சிரித்த முகம். மூலை மேஜையில் உட்கார்ந்தார். வேலுச்சாமி தப்பான நான்கில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் போட்டு, “இந்தா, வீணாப் போனதுதான, இதுல வச்சுச் சாப்பிடு” என்றார்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். இடது கையால் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு தட்டை முழுக்கத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, முந்தானையால் மேட்டைத் துடைத்தார்.

“ஏங்க, இது எங்க ஊரு மலை.”

“ஏட்டி, பிளவக்கல்லுடி. திருப்பி அடிச்சிட்டாக” என்றார் வேலுச்சாமி.

“நீங்க கெழக்க நின்னு பாக்கிறிய. நான் மேக்க இருந்து பாத்து வளந்தவ.” விரலால் அந்தத் திமிலைத் தொட்டார். “எங்களுக்குச் சின்னது இடக்கைப் பக்கம்தான். இதுக்குப் பின்னால இருந்துதான் சூரியன் வரும். இந்தா, வெளிச்சம் வருதுல்ல. இது விடியக்காலம்.”

நான் அதைச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எடுத்தேன். சொல்லவில்லை.

தங்கம் பிறந்தது வருசநாட்டுப் பக்கம். வத்திராயிருப்பு மலைக்கு அந்தப் பக்கம். இளவயதில் வேலுச்சாமி இலவம்பஞ்சு ஏற்றிவரும் லோடு வண்டி ஓட்டியபோது பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். மலை ஏறி நடந்தால் ஒரு பகல் தூரம்தானாம். சுற்றிப் போனால் கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று நான்கு பஸ். மெஸ்ஸுக்கு லீவு நாள் கிடையாது. பொங்கலுக்கு ஒரு தடவை, அதுவும் காலையில் போய் மறுநாள் வந்துவிட வேண்டும்.

“எங்க பக்கம் அணை கெடையாது அண்ணே. மலைக்கு முன்னால கம்மாய்தான். மழைக்கு நெறஞ்சா இப்பிடித்தான் இருக்கும்” என்றார். பிறகு, “எங்கம்மாவுக்கு முட்டிவலி, எங்கிட்டும் நகராது. வாசல்ல உக்காந்து இந்த மலையத்தான் பாத்துக்கிட்டே இருக்கும். வாரவுக போறவுககிட்ட எல்லாம், இதுக்கு அங்கிட்டு எம் மக இருக்கான்னு கைய நீட்டிக் காட்டுமாம்.”

வேலுச்சாமி குனிந்து மேட்டைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து பதினேழு வருடமாகத் தன் மனைவி தினமும் இந்த மலையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

“இத நான் வச்சுக்கிடுதேன். சமையக்கட்டுல மாட்டிக்கிடுவேன். யாரு அண்ணே அடிச்சது?”

“என் சம்சாரம்.”

“ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. தப்பா அடிச்சதுக்கு நான் சாப்பாடு போடணும்.”

“அடிச்சதுதான் அவள், அம்மிணி. தப்புப் பண்ணினது நான்” என்றேன். தப்பு என்னுடையது என்று வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊர்ப் பக்கத்து ‘அம்மிணி’ என்ற சொல்லைக் கேட்டுத் தங்கம் சிரித்துவிட்டார். தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். மேட்டின்மேல் மறுபடி தட்டை வைக்கவில்லை.

நேரான மேட் நான்கு பத்து நாளில் அனுப்புவதாகச் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. கருகிய இரண்டு துணியும் போர்வை மூடிய மெஷினும் கண்முன் வந்தன. பஸ் நிலையம் பக்கத்து லாட்ஜில் தங்கினேன். அறை அறுநூறு ரூபாய், கொசு இலவசம்.

மறுநாள் காலை 6.10.

மதுரை வண்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது இடது பக்க ஜன்னலில் மலை முழுக்கத் தெரிந்தது. எனக்கு இந்த மலை மூன்று மாதப் பழக்கம். கரூரில் எங்களுக்குப் பார்த்து முழிக்க மலை கிடையாது. முழித்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். அதைத் திருப்பி வைத்தால் நான் கண்டுபிடிப்பேனா என்று யோசித்தேன். மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு குரல் இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுகிறேன். ஒன்பது நாளாக நான் முழித்துக்கொண்டிருந்தது அந்தக் குரல் இல்லாத வீட்டில்தான்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அது நீண்டுகொண்டே போனது. திண்டுக்கல்லில் நன்றாக இருந்தது. கரூரில் இறங்கியபோது எல்லாம் மறந்துபோயிற்று.

பிற்பகல் 1.40, வீடு.

பால்கோவாவை மேஜைமேல் வைத்தேன். சரசு பிரித்து, விரலால் உதிர்த்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் போனை எடுத்து இரண்டு படத்தையும் அவள் முன்னால் வைத்தேன்.

“படத்தைத் திருப்பினது நான்தான். உன்கிட்டச் சொல்லாம. தப்பு என்னுது சரசு. வேற ஆளுன்னு சொன்னதும் என் தப்பு.”

அவள் போனைப் பார்க்கக்கூட இல்லை. “தெரியுங்க” என்றாள்.

“எப்போ இருந்து?”

“அன்னிக்கே. நீங்க அனுப்பினதையும் துணியையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன், ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லலை? ஒன்பது நாளு!”

“நான் சொன்னா ஒத்துக்குவீங்களா நீங்க? மலையே வந்து சொன்னாத்தான் கேப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இலைக்கு அடியிலிருந்து வந்த கண்மாயை, கைகளாக மட்டும் தெரிந்த தங்கத்தை, நான் எடுத்த சாயங்காலம் அவருக்கு விடியற்காலமானதை, மலைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக் காட்டுகிற அவர் அம்மாவை. சரசு பால்கோவாவைத் தின்றுகொண்டே கேட்டாள். பாதியில் தின்பதை நிறுத்திவிட்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

பிறகு எழுந்து முன்னறைக்குப் போனாள். நீலப்பூப் போர்வையை எடுத்து மடித்து ஸ்டூல்மேல் வைத்தாள். சுவிட்சைத் தட்டினாள்.

“எத்தனை வேணுமாம்?”

“நாலு. நேரா அடிக்கணும்.”

“நாலு இல்லீங்க, அஞ்சு.”

“அஞ்சா? மேஜைக்கு நாலுதானே?”

“அந்தப் புள்ளைக்கு அவிங்க அம்மா பார்க்கற மலை கெடைச்சுது. அந்தம்மாவுக்கு மக பார்க்கற மலை வேண்டாமா?”

நான் போனை எடுத்தேன். மெஷின் சூடாகிற மெல்லிய சத்தம் கேட்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

“படத்தை அனுப்புங்க. எடுத்தது எப்படி இருக்குதோ அப்படியே.”

அப்படியே அனுப்பினேன்.